அகார் தட்டில் பாக்டீரியா வளர்க்கிறீர்களா? தட்டைப் பார்த்துக் கோளாறைக் கண்டுபிடிக்கும் வழி

அகார் என்ற ஜெல்லியை ஊற்றிய தட்டில் பஞ்சுக்குச்சியால் தடவி, மூடி, டேப் ஒட்டி வைத்தாயிற்று. பாடப்புத்தகப் படத்தில் இருப்பது போல வழவழப்பான சின்னச் சின்னப் புள்ளிகள் வரும் என்று காத்திருக்கிறீர்கள். ஆனால் தட்டு காலியாக இருக்கிறது. அல்லது பச்சைப் பஞ்சு முளைத்திருக்கிறது. அல்லது எல்லாம் ஒன்றோடொன்று கலந்து கூழாகிவிட்டது. உங்கள் தட்டு எந்த நிலையில் இருக்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். அதற்கு முன் இரண்டு விஷயம் மட்டும்.

முதலாவது, வளரத் தொடங்கிய தட்டின் மூடியைத் திறக்கவே கூடாது. தொடங்கும்போது இருந்தவை சில நூறு பாக்டீரியாக்களாக இருக்கலாம். இப்போது இருப்பவை கோடிக்கணக்கில். அவை எந்த வகை என்று வெறும் கண்ணால் பார்த்து யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. மூடி வழியாகவே பாருங்கள், லென்ஸ் வைத்துப் பாருங்கள், படம் எடுங்கள். கழிப்பறை, காயம், மூக்கு, பச்சை இறைச்சி இவற்றிலிருந்து மாதிரி எடுக்க வேண்டாம். ஆரம்பம் முதல் கடைசி வரை பெரியவர் ஒருவர் கூட இருக்கட்டும்.

இரண்டாவது, அந்தப் புள்ளி என்பது என்ன என்று தெரிந்திருக்க வேண்டும். அது ஒரு பாக்டீரியா இல்லை, ஒரு காலனி. தட்டில் விழுந்த ஒரே ஒரு செல்லோ, ஒட்டிக்கொண்டிருந்த சில செல்களோ அங்கேயே உட்கார்ந்து பெருகியதால் வந்த கூட்டம். பாக்டீரியா பெருகும் முறை எளிமையானது. செல் சாப்பிட்டு நீள்கிறது. உள்ளே இருக்கும் டிஎன்ஏ இரண்டு பிரதிகளாகிறது. நடுவில் ஒரு சுவர் எழும்புகிறது. ஒன்று இரண்டாகிப் பிரிகிறது. இரண்டும் முழுமையான பாக்டீரியாக்கள்தான். இதில் அம்மா எது, பிள்ளை எது என்று கேட்டால் பதில் கிடையாது.

கீழே வரும் எல்லாக் கோளாறுகளையும் இரண்டே கேள்விகளில் அடக்கிவிடலாம்: எத்தனை பேர் தொடங்கினார்கள்? எத்தனை முறை இரண்டானார்கள்?

தட்டு காலியாக இருக்கிறது

அதிகம் வருகிற புகார் இதுதான். தட்டைத் தூக்கி எறிவதற்கு முன் இந்த வரிசையில் பாருங்கள்.

எத்தனை நேரம் ஆயிற்று? ஈ.கோலை என்ற பாக்டீரியா சுமார் 2 மைக்ரோமீட்டர் நீளம். 500 ஈ.கோலைகளை வரிசையாக நிறுத்தினால்தான் ஒரு மில்லிமீட்டர் வரும். அப்படியானால் உங்கள் கண்ணுக்கு ஒரு புள்ளி தெரிய வேண்டுமென்றால் அங்கே ஏறக்குறைய பத்து லட்சம் செல்களாவது சேர வேண்டும். ஒன்றிலிருந்து தொடங்கி இரட்டித்துக்கொண்டே போங்கள்: 1, 2, 4, 8, 16, 32... பத்தாவது முறை 1,024. இருபதாவது முறை 10,48,576. ஆக, இருபது முறை இரட்டிக்க வேண்டும்.

நல்ல சாப்பாடும் 37 டிகிரி செல்சியஸ் வெப்பமும் கிடைத்தால் ஈ.கோலை 20 நிமிடத்துக்கு ஒரு முறை இரண்டாகும். அந்தக் கணக்கில் 6 மணி 40 நிமிடம் போதும். ஆனால் உங்கள் தட்டு 37 டிகிரியில் இல்லை, இருக்கவும் கூடாது. அது நம் உடம்பின் வெப்பம். நமக்கு நோய் தரும் வகைகளுக்குப் பிடித்த வெப்பமும் அதுதான். பள்ளிச் சோதனைகளில் 25 டிகிரியைத் தாண்ட விடாமல் வைப்பது அதனால்தான். அந்த வெப்பத்தில் ஒவ்வொரு இரட்டிப்புக்கும் நேரம் கூடுதலாகப் பிடிக்கும். கூடவே இன்னொன்று: புது இடத்துக்கு வந்த பாக்டீரியா உடனே பிளக்கத் தொடங்காது. அங்கே கிடைக்கும் உணவை உடைப்பதற்கான நொதிகளைத் தயாரித்துக்கொள்ள அதற்குக் கொஞ்ச நேரம் வேண்டும். ஆகவே ஒரு நாளில் ஒன்றும் தெரியாவிட்டால் அது கோளாறே இல்லை. மூன்று நாள் பாருங்கள், ஐந்து நாள்கூடப் பொறுக்கலாம். சில வகைகள் இயல்பிலேயே நிதானமானவை. காசநோய்க் கிருமி ஒரு முறை இரண்டாக 15 முதல் 20 மணி நேரம் எடுத்துக்கொள்ளும். நல்லவேளையாக அது உங்கள் தட்டில் வளரக்கூடியது அல்ல.

நேரம் போதுமான அளவு ஆகிவிட்டது என்றால், எங்கே வைத்தீர்கள்? குளிர்ந்த தரையில், குளிர்சாதனம் ஓடும் அறையில் வைத்திருந்தால் அதுவே காரணம். ஃபிரிட்ஜுக்குள் இருக்கும் 4 டிகிரியில் பெரும்பாலான பாக்டீரியாக்கள் சாவதில்லை, நொண்டி நடை போடும். ஃப்ரீசரில் போட்டாலும் பல உயிரோடுதான் உறங்கிக் கிடக்கும். வெயில் படும் ஜன்னலோரமும் வேண்டாம். சூரிய ஒளியில் இருக்கும் புற ஊதாக் கதிர் டிஎன்ஏவைச் சிதைக்கும், தட்டும் காய்ந்துபோகும். இருட்டான, அறை வெப்பத்தில் இருக்கும் அலமாரி போதும்.

இடமும் சரி என்றால், அகார் சூடாக இருக்கும்போதே தடவினீர்களா? அகாரை நன்கு கொதிக்க வைத்துக் கரைத்து, 45 முதல் 50 டிகிரிக்கு ஆறியபின் தட்டில் ஊற்றுவார்கள். அது முழுதாக இறுகி, தொட்டால் குளிர்ச்சியாக இருக்கும்போதுதான் பஞ்சுக்குச்சி கிட்டே போக வேண்டும். சூடான ஜெல்லியில் தடவினால் விதைத்ததை நீங்களே வேகவைத்த மாதிரி.

அடுத்து, உணவு. வெறும் அகாரும் தண்ணீரும் மட்டும் போட்டால் பெரும்பாலான பாக்டீரியாக்களுக்குப் பட்டினிதான். அகார் ஒரு மேசை மாதிரி. பரிமாறினால்தான் சாப்பாடு. சூப் க்யூப், சிறிது சர்க்கரை போன்ற ஏதாவது சேர்ந்திருக்க வேண்டும். அதற்காகச் சர்க்கரையையோ உப்பையோ அள்ளிக் கொட்டினாலும் வராது. அடர்த்தியான சர்க்கரையும் உப்பும் பாக்டீரியாவின் உடம்பில் இருக்கும் தண்ணீரை வெளியே இழுத்துவிடும். தேன் எளிதில் கெடாமல் இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். ஒரு லிட்டர் தண்ணீருக்குச் சுமார் 15 கிராம் அகார் என்பது ஆய்வுக்கூடக் கணக்கு. உங்களுக்கு 200 மில்லி தேவையென்றால் 3 கிராம்.

எல்லாம் சரியாகச் செய்தும் காலி என்றால், நீங்கள் எடுத்த மாதிரியிலேயே ஆட்கள் இல்லாமல் இருந்திருக்கலாம். காய்ந்த, சுத்தமான மேசையை உலர்ந்த பஞ்சுக்குச்சியால் தேய்த்தால் குச்சியில் அதிகம் ஒட்டாது. கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரில் குச்சியை நனைத்துவிட்டுத் தேயுங்கள். சானிடைசர் போட்ட கை, கிருமிநாசினி தெளித்த மேசை இவற்றில் மாதிரி எடுத்திருந்தால் காலித் தட்டுதான் சரியான விடை, அதைத் தோல்வி என்று எழுதிவிடாதீர்கள்.

கடைசியாக ஒன்று. மண்ணிலும் நீரிலும் இருக்கும் பாக்டீரியாக்களில் பெரும்பகுதி எந்தத் தட்டிலும் வளர்வதில்லை. ஒன்றுக்குக் காற்றே ஆகாது, இன்னொன்றுக்கு நாம் கொடுக்காத ஏதோ ஒரு உணவு வேண்டும். நுண்ணுயிரியலாளர்கள் இன்றும் மல்லுக்கட்டும் பிரச்சினை இது. ஆகவே காலித் தட்டை வைத்து 'இங்கே பாக்டீரியாவே இல்லை' என்று அறிவித்துவிடக் கூடாது. 'இந்த உணவில், இந்த வெப்பத்தில், இத்தனை நாளில் ஒன்றும் வளரவில்லை' என்று எழுதுங்கள்.

தட்டு முழுக்க ஒரே படலம், தனிப் புள்ளியே இல்லை

மேலே சொன்னதற்கு நேர் எதிர். தொடங்கியவர்களே அதிகம். ஆயிரக்கணக்கான செல்கள் நெருக்கமாக விழுந்து, ஒவ்வொன்றும் காலனியாகும்போது பக்கத்துக் காலனியோடு ஒட்டிக்கொண்டது. மாதிரியைக் குறைக்க வேண்டும். குறைக்கும் வழி: குச்சியால் தட்டின் ஓர் ஓரத்தில் மட்டும் தடவுங்கள். புதுக் குச்சி ஒன்றை எடுத்து அந்த இடத்தை லேசாகத் தொட்டு அடுத்த பகுதிக்குக் கோடு இழுங்கள். மூன்றாவது குச்சியால் அங்கிருந்து மூன்றாவது பகுதிக்கு. ஒவ்வொரு முறையும் ஆட்கள் குறைந்துகொண்டே போவார்கள், கடைசிக் கோட்டில் தனித்தனியாக உட்காருவார்கள். ஆய்வுக்கூடங்களிலும் இதையேதான் செய்கிறார்கள், குச்சிக்குப் பதிலாகக் கம்பி வளையம்.

படலம் வளையம் வளையமாக, அலை அடித்தது போல இருந்தால் கதையே வேறு. சில பாக்டீரியாக்களுக்கு நீந்த வால் போன்ற கசையிழைகள் உண்டு. ப்ரோட்டியஸ் என்ற வகை ஈரமான அகாரின் மேல் கூட்டமாகப் படர்ந்து போகும், நின்று பெருகும், மறுபடி படரும். அதனால் வருகிற வளையங்கள் அவை. உங்கள் தட்டில் இருப்பது அதுதான் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் படம் எடுத்து வையுங்கள்.

மூடியில் தண்ணீர் கோத்து, புள்ளிகள் ஒழுகி ஓடியிருக்கின்றன

ஆறுவதற்குள் மூடிவிட்டீர்கள். ஆவி மூடியில் துளியாகி, துளி காலனி மேல் விழுந்து, அதை வழித்துக்கொண்டு போய்விட்டது. அடுத்த முறை அகார் ஆறும் வரை மூடியைச் சற்றே சாய்த்து வையுங்கள். தடவி முடித்ததும் தட்டைத் தலைகீழாக வையுங்கள், அதாவது அகார் மேலே, மூடி கீழே. துளி விழுந்தாலும் மூடியிலேயே தங்கும். இதோடு இந்தப் பிரச்சினை முடிந்தது.

பஞ்சு போலவோ மயிர் போலவோ வளர்ந்திருக்கிறது

அது பாக்டீரியா இல்லை, பூஞ்சை. பாக்டீரியா காலனி பெரும்பாலும் வழவழப்பாக, ஈரமாக, பசைச் சொட்டு வைத்தது போல இருக்கும். வெள்ளை, மஞ்சள், ஆரஞ்சு, சில நேரம் சிவப்பு நிறமும் வரும். பூஞ்சை இழை இழையாக நீண்டு வளரும், அதனால்தான் பஞ்சுத் தோற்றம். பச்சை, கறுப்பு, சாம்பல் நிறப் பொடி தெரிந்தால் அவை பூஞ்சையின் வித்துகள். காற்றில் எப்போதும் மிதந்துகொண்டிருக்கும் அவை, மூடி திறந்திருந்த நேரத்தில் இறங்கியிருக்கும். தடவும்போது மூடியை முழுதாக எடுக்காமல் ஒரு பக்கம் மட்டும் தூக்குங்கள், மின்விசிறியை நிறுத்துங்கள், பேசுவதையும் கொஞ்சம் நிறுத்துங்கள். (ஈஸ்ட் என்ற பூஞ்சை வகை மட்டும் ஏமாற்றும். அது பார்க்கப் பாக்டீரியா காலனி மாதிரியே வழவழப்பாக இருக்கும். நுண்ணோக்கி இல்லாமல் பிரிப்பது கடினம்.)

பூஞ்சை வந்த தட்டை உடனே ஒதுக்கிவிடாதீர்கள். அதைச் சுற்றிப் பாக்டீரியா வளராத ஒரு வெற்று வளையம் இருக்கிறதா என்று பாருங்கள். 1928-இல் லண்டன் செயின்ட் மேரீஸ் மருத்துவமனையில் அலெக்சாண்டர் ஃப்ளெமிங் பார்த்தது இதைப் போன்ற ஒரு தட்டைத்தான். ஸ்டெஃபிலோகாக்கஸ் பாக்டீரியா வளர்த்த தட்டில் பூஞ்சை ஒன்று தவறிப்போய் விழுந்து வளர்ந்திருந்தது, அதன் அருகே இருந்த காலனிகள் கரைந்துபோயிருந்தன. அந்தப் பூஞ்சை சுரந்த பொருளுக்கு அவர் பெனிசிலின் என்று பெயர் வைத்தார். பெனிசிலின் என்ன செய்கிறது தெரியுமா? பாக்டீரியா நீண்டு பிளப்பதற்குப் புதுச் சுவர் கட்ட வேண்டுமே, அந்தக் கட்டட வேலையைக் கெடுக்கிறது. சுவர் பலவீனமான பாக்டீரியா தண்ணீரை உறிஞ்சி வெடித்துவிடுகிறது. வளராமல் சும்மா இருக்கும் பாக்டீரியாவை அதனால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. பெருக முயல்பவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

ஜெல்லி உருகித் தண்ணீராகிவிட்டது

அகாருக்குப் பதில் ஜெலட்டின் போட்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். ஜெலட்டினுக்கு இரண்டு கெட்ட குணம். வெப்பமான நாளில் தானாகவே இளகிவிடும். அதோடு அது ஒரு புரதம், சில பாக்டீரியாக்களுக்கு அதுவே சாப்பாடு. அவை அதைச் செரித்துக் குழி பறித்துவிடும். ஓரிடத்தில் மட்டும் குழியும் நீரும் இருந்தால் பாக்டீரியாவின் வேலை, தட்டு முழுவதும் ஒரே சீராக உருகியிருந்தால் வெயிலின் வேலை.

இதே தொல்லையை ஜெர்மனியில் பாக்டீரியா ஆய்வின் முன்னோடியான ராபர்ட் கோக்கின் ஆய்வுக்கூடமும் பட்டது. வெட்டிய உருளைக்கிழங்கின் மேல் வளர்த்துப் பார்த்தார்கள், ஜெலட்டினில் வளர்த்துப் பார்த்தார்கள். 1881 வாக்கில் அங்கே வேலை செய்த வால்டர் ஹெஸ்ஸேயின் மனைவி ஃபேன்னி ஹெஸ்ஸே, தன் சமையலறையில் ஜெல்லிக்குப் பயன்படுத்தி வந்த அகாரைச் சொன்னார். அகார் செந்நிறக் கடற்பாசியிலிருந்து வருவது. சுமார் 85 டிகிரியில்தான் உருகும், இறுகிய பின் 37 டிகிரியில் வைத்தாலும் அசையாது, பெரும்பாலான பாக்டீரியாக்களால் அதைச் செரிக்கவும் முடியாது. அந்த ஆய்வுக்கூடத்திலேயே வேலை செய்த ஜூலியஸ் ரிச்சர்ட் பெட்ரி, 1887-இல் மூடியுள்ள தட்டை அறிமுகப்படுத்தினார். நீங்கள் கையில் வைத்திருப்பது அந்தத் தட்டுதான்.

அகார் போட்டும் தொளதொளவென்று இருந்தால் அளவு குறைவு அல்லது சரியாகக் கொதிக்கவில்லை.

எதையும் தடவாத தட்டிலும் வளர்ந்துவிட்டது

எதையும் தடவாமல் ஒரு தட்டை மூடி வைத்தீர்கள் அல்லவா? வைக்கவில்லை என்றால் அடுத்த முறை கட்டாயம் வையுங்கள். என்னைக் கேட்டால் மற்ற எல்லாத் தட்டையும்விட அதுதான் முக்கியம். அதில் வளர்ந்துவிட்டால் மற்றத் தட்டுகளில் இருப்பதும் நீங்கள் தடவியதுதானா என்று நம்ப முடியாது.

எங்கே வளர்ந்திருக்கிறது என்று பாருங்கள். மேற்பரப்பில் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தால் ஊற்றும்போது காற்றிலிருந்து விழுந்தவை. ஜெல்லிக்கு உள்ளே புதைந்து இருந்தால் கலவை சரியாகக் கிருமி நீங்கவில்லை என்று பொருள். சும்மா கொதிக்க வைத்தால் பெரும்பாலான பாக்டீரியாக்கள் செத்துவிடும், ஆனால் சில வகைகள் உணவு தீர்ந்த காலத்துக்காகக் கெட்டியான உறை போட்ட வித்தாக மாறி உட்கார்ந்திருக்கும். அந்த வித்து கொதிநீரிலும் தாங்கும். அதைக் கொல்ல ஆய்வுக்கூடங்களில் நீராவி அழுத்தத்தில் 121 டிகிரியில் 15 நிமிடம் வைப்பார்கள். வீட்டில் என்றால் பெரியவர் ஒருவர் குக்கரில் வைத்துத் தரலாம்.

சோப்புப் போட்டுக் கழுவிய கையில்தான் அதிகப் புள்ளிகள்

வெட்கப்பட வேண்டாம், இது நிறையப் பேருக்கு நடக்கும். கை ஈரமாக இருந்திருக்கும். உலர்ந்த கையைவிட ஈரக் கையிலிருந்து பாக்டீரியாக்கள் எளிதாக இடம் மாறும். அல்லது கழுவிய பின் குழாயை மறுபடி தொட்டிருப்பீர்கள். தோலின் உள்மடிப்புகளில் எப்போதும் குடியிருக்கும் வகைகளும் உண்டு. தேய்க்கும்போது அவை மேலே வரும், பெரும்பாலும் தீங்கில்லாதவை. 20 விநாடி தேய்த்துக் கழுவி, சுத்தமான துணியில் நன்றாகத் துடைத்து, வேறு எதையும் தொடாமல் மறுபடி செய்து பாருங்கள். ஒரே ஒரு தட்டை வைத்து முடிவுக்கு வராமல் கழுவாத கைக்கு மூன்று, கழுவிய கைக்கு மூன்று என்று வைத்தால் நல்லது.

நன்றாக வளர்ந்துகொண்டிருந்தது, அப்படியே நின்றுவிட்டது

இது கோளாறு இல்லை, ஆனால் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. இருபது நிமிடத்துக்கு ஒரு முறை இரண்டாகும் ஒரு பாக்டீரியா நிற்காமல் இரண்டு நாள் பெருகினால் என்ன ஆகும்? 144 முறை இரட்டிக்கும். ஒரு செல்லின் எடை ஒரு கிராமில் லட்சம் கோடியில் ஒரு பங்குதான் என்று வைத்துக் கணக்குப் போட்டாலும், மொத்த எடை பூமியைவிடப் பல ஆயிரம் மடங்கு வந்துவிடும். கால்குலேட்டரில் நீங்களே போட்டுப் பாருங்கள்.

அப்படி நடக்காததற்குக் காரணம் உங்கள் தட்டிலேயே தெரிகிறது. காலனியின் நடுவில் இருப்பவர்களுக்கு முதலில் உணவு தீரும். அவர்கள் வெளியேற்றும் கழிவு, பெரும்பாலும் அமிலம், அவர்களைச் சுற்றியே தேங்கும். பிளப்பவர்களும் சாகிறவர்களும் சமமாகிவிட்டால் எண்ணிக்கை அப்படியே நிற்கும், அப்புறம் குறையும். ஓரத்தில் இருப்பவர்களுக்கு மட்டும் புது அகார் கிடைக்கும், அதனால்தான் காலனி ஓரத்திலிருந்து அகலமாகிறது. ஒரு காலனி தனியாக இருந்தால் பெரிதாகவும், நெருக்கத்தில் இருந்தால் சின்னதாகவும் இருப்பதை அளவுகோல் வைத்து அளந்து பாருங்கள்.

இங்கே ஒரு புதிர். ஈ.கோலை தன் டிஎன்ஏவை முழுதாகப் பிரதி எடுக்கச் சுமார் 40 நிமிடம் பிடிக்கும். அப்படியிருக்க 20 நிமிடத்தில் எப்படி இரண்டாகிறது? முதல் பிரதி முடியும் வரை அது காத்திருப்பதில்லை. எடுத்துக்கொண்டிருக்கும் பிரதியிலேயே அடுத்த பிரதியையும் ஆரம்பித்துவிடுகிறது. ஆகவே பிறக்கும்போதே ஒவ்வொரு செல்லும் தன் பிள்ளைக்கும் பேரப்பிள்ளைக்குமான டிஎன்ஏவைப் பாதி எழுதி வைத்துக்கொண்டுதான் பிறக்கிறது.

நாற்றம் அடிக்கிறது

மூடியும் டேப்பும் இருக்கும்போதே வாடை வந்தால் சோதனை முடிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். டேப்பை முழுச் சுற்றும் இறுக்கி ஒட்டியிருந்தீர்களா? காற்று சுத்தமாகப் போகாவிட்டால் காற்றில்லாமல் வளரும் வகைகளுக்கு அது கொண்டாட்டம். அவற்றில் சில மோசமானவை. இரண்டு அல்லது நான்கு துண்டு டேப் மட்டும் குறுக்கே ஒட்டினால் மூடியும் கழன்றுவிடாது, காற்றும் போகும்.

எந்தத் தட்டாக இருந்தாலும் ஒரு வாரத்துக்கு மேல் வைத்திருக்க வேண்டாம். கையுறை போட்ட பெரியவர், காற்றோட்டமான இடத்தில், தட்டு முழுதும் மூழ்கும்படி நீர்த்த ப்ளீச் கரைசலில் போட்டு, கரைசலுக்குள்ளேயே மூடியைக் கழற்றி ஓர் இரவு விடட்டும். ப்ளீச்சோடு வினிகரையோ வேறு கழுவும் திரவங்களையோ கலக்கவே கூடாது, நச்சுவாயு வரும். மறுநாள் பையில் கட்டிக் குப்பையில் போட்டு, தட்டு இருந்த அலமாரியைத் துடைத்து, கை கழுவுங்கள். இந்த முறை நன்றாகத் துடைத்து உலர்த்துங்கள்.